எருமையின் மரபணுவும் வீட்டு நோட்டும்

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கால்நடை வளர்ப்போரிடையே கால்நடை மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

காலைப் பாலைக் கறந்து சங்கத்தில் ஊற்றிவிட்டு, சாயங்காலக் கறவைக்குள் வீடு திரும்பணும் என்ற அவசரத்தோடு வந்திருக்கீங்க. அதனால் நேரே விஷயத்துக்கு வர்றேன்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு தம்பி என்னிடம் போனை நீட்டினார். "சார், எருமைக்கு ஜீன் டெஸ்ட் வந்துருச்சாம். ஒரு சொட்டு ரத்தம் எடுத்தா, இது எத்தனை லிட்டர் கறக்கும்னு சொல்லிருமாம். நெசமா சார்?" என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ அது. அதில் பாதி நிஜம். மீதிப் பாதியை நம்பிப் பணம் போட்டால் நஷ்டம். எந்தப் பாதி நிஜம், எதை நம்பக் கூடாது, அதில் உங்க பங்கு என்ன என்பதைத்தான் இன்றைக்குப் பேசப்போறேன்.

குறைந்துகொண்டே வரும் எருமை

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் வெளியூர்க்காரங்களுக்கு ஆண்டாள் கோயிலும் பால்கோவாவும்தான் ஞாபகம் வரும். பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் கோவா பெரும்பாலும் பசும்பாலில் கிண்டுவது. ஆனால் டீக்கடையில் திக்காக விழுகிற பாலும், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிரும், உருக்கும்போது தெருவெல்லாம் மணக்கிற நெய்யும் எருமை கொடுத்தது. பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதத்தை ஒட்டி நிற்கும். எருமைப்பாலில் 7 சதவீதம் சாதாரணம்.

அந்த வித்தியாசம் காசாகவும் வருது. 2023 டிசம்பரில் ஆவின் கொள்முதல் விலையை உயர்த்தியபோது, பசும்பால் லிட்டருக்கு 38 ரூபாய், எருமைப்பாலுக்கு 47 ரூபாய் என்று ஆனது. ஒரு லிட்டருக்கு 9 ரூபாய் கூடுதல்.

இருந்தும் என்ன நடந்தது? 2007ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 20 லட்சம் எருமைகள் இருந்தன. 2012இல் சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம். 2019இல் 5 லட்சத்து 19 ஆயிரம். பன்னிரண்டு வருஷத்தில் நாலில் மூணு பங்கு போயிருச்சு. காரணம் உங்களுக்கே தெரியும். மேய்ச்சல் நிலம் சுருங்கிருச்சு. புரளக் கண்மாயில் தண்ணி நிற்பதில்லை. எருமை சினைப்பருவத்துக்கு வருவது வெளியே தெரியாது, தெரியாததால் மாசக்கணக்கில் சும்மா நிற்கும். அதைக் கட்டித் தீனி போடுவதற்கு ஒரு ஜெர்சி கலப்பைப் பிடித்துக் கட்டிரலாம் என்று நிறையப் பேர் மாறிட்டாங்க.

நான் யாரையும் குறை சொல்லல. ஆனால் ஒன்றை மட்டும் மனசில் வைங்க. 20 லட்சம் இருந்த காலத்தில் ஒரு நல்ல எருமை தரகரோட லாரியில் ஏறினால் அது போல இன்னொன்று பக்கத்துத் தெருவில் இருந்தது. இன்றைக்கு அப்படி இல்லை. மிச்சம் இருப்பதில் எது நல்லது என்று தெரியாமல் விற்றால், அந்த வழி அத்தோடு முடிந்தது.

பசுவுக்குக் கிடைத்த குறுக்கு வழி எருமைக்கு இல்லை

நாட்டுப் பசுவில் பால் கூடணும் என்று ஜெர்சியையும் ஹோல்ஸ்டீனையும் கொண்டுவந்து கலந்தோம். எருமையில் அப்படிச் செய்ய வழியே இல்லை. பசுவுக்கு 60 குரோமோசோம், நம்ம எருமைக்கு 50. ரெண்டும் கலக்காது. சரி, வெளிநாட்டு எருமையைக் கொண்டுவரலாமா என்றால், உலகத்தில் பாலுக்குப் பேர் வாங்கின எருமையே நம்ம முர்ராதான். அரியானாவில் ரோத்தக், ஜீந்த், ஹிசார் பக்கத்து இனம். பிரேசில்காரங்களே முர்ராவை இங்கிருந்து கொண்டுபோய் வளர்க்கிறாங்க.

ஆக, எருமையில் முன்னேற்றம் என்றால் ஒரே வழிதான். இருக்கிற எருமைகளுக்குள்ளேயே நல்லதைக் கண்டுபிடிக்கணும், அதோட வம்சத்தைப் பெருக்கணும். நம்ம பக்கம் இருப்பதில் ஒரு பகுதி, ஊர் எருமையோடு முர்ரா சேர்ந்த தரம் உயர்த்தினவை. மீதி, இனப்பேர் இல்லாத நாட்டு எருமை. இதில் எது நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கேதான் மரபணு வருது.

ராஜபாளையத்துக்காரங்களுக்குத் தெரிந்த பாடம்

மரபணு என்றதும் ஏதோ லேப் சமாச்சாரம் என்று ஒதுங்க வேண்டாம். ராஜபாளையத்துக்காரங்களுக்கு இது புதுசே இல்லை. 2005இல் தபால்தலையில் ஏறின நாய் இந்த ஊர் நாய். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு. குட்டி போட்டதும் பெரியவங்க தூக்கிப் பார்த்து, "இது சுத்தம், இது கலப்பு" என்று சொல்வாங்க. அந்த வெள்ளையும் அந்த மூக்கும் தாய் தகப்பன் வழியாக வருவது. கண்ணால் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம்.

அதே ஊரில் இன்னொரு விஷயமும் தெரியும். முழு வெள்ளையாகப் பிறக்கிற குட்டிகளில் சிலதுக்குக் காது கேட்காது. தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள் உள்காதுக்கும் வேணும். நிறம் வேண்டாம் என்று அதையே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், கூடவே காதும் போகலாம். சொந்தத்துக்குள்ளேயே இணை சேர்த்தால் இந்த மாதிரிக் குறை இன்னும் கூடும்.

இதில் எருமைக்கு ரெண்டு பாடம் இருக்கு. ஒன்று, ஒரே ஒரு குணத்தைத் துரத்தினால் வேறு ஏதோ ஒன்று கைவிட்டுப் போகும். ரெண்டாவது, நிறம் கண்ணுக்குத் தெரியும், பால் தெரியாது. கொம்பு சுருண்டிருக்கு, வால் குஞ்சம் வெள்ளையாக இருக்கு, நெற்றி எடுப்பாக இருக்கு என்று பார்த்து எருமை வாங்குகிறோம். அது இனத்துக்கு அடையாளம். பாலுக்கு உத்தரவாதம் இல்லை. அதுவும் கிடாக்கன்றைப் பார்த்து, இதோட மகள் எவ்வளவு கறக்கும் என்று எந்தப் பெரியவரும் சொல்ல முடியாது. கிடா கறக்காதே!

ஒற்றை மரபணு என்ற ஆசை

2002இல் வெளிநாட்டுப் பசுக்களில் ஒரு பெரிய கண்டுபிடிப்பு வந்தது. டிஜிஏடி-1 என்று ஒரு மரபணு. மடியில் கொழுப்பை உருவாக்கும் வேலையில் கடைசிப் படியைச் செய்வது அது. அதில் ஒரே ஒரு இடத்தில் மாற்றம் இருந்தால் பாலில் கொழுப்புச் சதவீதம் தெளிவாகக் கூடுது, பால் அளவு கொஞ்சம் குறையுது. இப்படி ஒரு குணத்தோடு சேர்ந்தே வருகிற டி.என்.ஏ. அடையாளத்துக்குத்தான் மரபணுக் குறியீடு என்று பேர். பத்து வீடு தள்ளி இருந்தாலும் கோபுரத்தை வைத்துக் கோயிலைக் கண்டுபிடிக்கிற மாதிரி.

உடனே எல்லாருக்கும் ஆசை. எருமையிலும் இதைப் பார்த்துவிட்டால் வேலை முடிந்ததே! அரியானாவில் கர்னாலில் இருக்கிற தேசியக் கால்நடை மரபணு வளப் பணியகத்து விஞ்ஞானிகள் இந்திய இனப் பசுக்களையும் எருமைகளையும் சோதித்து 2006இல் முடிவை வெளியிட்டாங்க. என்ன தெரிந்தது? நம்ம எருமைகள் எல்லாமே அந்தக் 'கொழுப்பு கூடின' வகையைத்தான் வைத்திருக்கு. எல்லாரும் நூற்றுக்கு நூறு வாங்கின வகுப்பில் முதல் மார்க் யார் என்று கேட்டால் எப்படி? வித்தியாசம் இருந்தால்தானே தேர்ந்தெடுக்க முடியும். பசுவில் தங்கமாக இருந்த குறியீடு எருமையில் செல்லாக்காசு.

இதே மாதிரி இன்னொன்று. "ஏ-2 எருமைப்பால், ஸ்பெஷல் ரேட்" என்று விளம்பரம் பார்த்திருப்பீங்க. ஏ-1, ஏ-2 என்பது பாலில் இருக்கிற பீட்டா கேசீன் என்ற புரதத்தின் ரெண்டு வகை. அந்த வித்தியாசம் பசுவில் உண்டு. எருமைப்பால் எல்லாமே ஏ-2தான். உங்க வீட்டு எருமை, பக்கத்து வீட்டு எருமை, தோடர் எருமை எல்லாமே. இல்லாத வித்தியாசத்துக்கு யாரும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், டெஸ்ட்டும் எடுக்க வேண்டாம்.

சிப் எப்படி வேலை செய்கிறது

அப்போ மரபணுவால் பிரயோஜனமே இல்லையா? இருக்கு. ஆனால் அது ஒற்றை மரபணுக் கதை இல்லை.

எருமையோட டி.என்.ஏ.வை ஒரு புத்தகமாக நினைத்துக்கொள்ளுங்க. சுமார் 265 கோடி எழுத்து இருக்கும். இத்தாலியில் ஒலிம்பியா என்று பேர் வைத்த ஒரு எருமையோட புத்தகத்தை, குரோமோசோம் வாரியாகச் சீராக அடுக்கி 2019இல் வெளியிட்டாங்க. ரெண்டு எருமையோட புத்தகத்தை ஒப்பிட்டால் பெரும்பகுதி ஒன்றாகவே இருக்கும். அங்கங்கே ஒரு எழுத்து மாறும். இங்கே 'அ' என்றால் அங்கே 'இ'. அப்படி மாறுகிற இடங்களில் பல ஆயிரத்தை ஒரே நேரத்தில் படித்துவிடுகிற கண்ணாடித் தகடுதான் சிப். 2024 அக்டோபர் 5 அன்று மகாராஷ்டிராவில் வாசிம் என்ற ஊரில், பசுவுக்கு 'கௌ சிப்', எருமைக்கு 'மகிஷ் சிப்' என்று நம்ம நாட்டு இனங்களுக்கென்றே உருவாக்கினதைப் பிரதமர் வெளியிட்டார்.

பால் என்பது ஒரு மரபணுவின் வேலை இல்லை. ஆயிரக்கணக்கான இடங்கள் ஒவ்வொன்றும் ஒரு துளி கூட்டும், ஒரு துளி குறைக்கும். எந்த எழுத்து கூட்டுது, எது குறைக்குது என்று சிப்புக்குத் தானாகத் தெரியாது. யாராவது சொல்லித் தரணும். யார் சொல்வது? கறந்து அளந்த எருமைகள்தான் சொல்லும்.

உங்க போனையே எடுத்துக்கோங்க. தமிழில் டைப் பண்ணும்போது அடுத்த வார்த்தையை அதுவே எடுத்துக் கொடுக்குதே, எப்படி? லட்சக்கணக்கான பேர் எழுதினதிலிருந்து கற்றுக்கொண்டது. யாருமே எழுதாத மொழியில் அதால் ஒரு வார்த்தைகூட எடுத்துத் தர முடியாது. சிப்பும் அப்படித்தான். பல ஆயிரம் எருமைகளோட டி.என்.ஏ. ஒரு பக்கம், அதே எருமைகள் கறந்த பால் கணக்கு இன்னொரு பக்கம். ரெண்டையும் பொருத்திப் பார்த்தால்தான் புதுசாகப் பிறந்த கன்றுக்கு ஒரு மதிப்பெண் போட முடியும். பால் கணக்கு இல்லை என்றால் சிப் ஊமை.

இந்த மதிப்பெண்ணால் என்ன லாபம்? நேரம். பழைய முறையில் ஒரு கிடாவைச் சோதிக்கணும் என்றால் அதோட மகள்கள் கறக்கும்வரை காத்திருக்கணும். கிடாவுக்கு மூணு வயசு ஆகணும். அதோட விந்தில் சினையான எருமை பத்து மாசம் சுமக்கணும். பிறந்த கிடேரி வளர்ந்து முதல் ஈத்து ஈன மூணரை, நாலு வருஷம். அப்புறம் பத்து மாசம் கறந்து அளக்கணும். எல்லாம் கூட்டினால் எட்டு ஒன்பது வருஷம். அதற்குள் கிடா கிழடாகிரும். சிப் இருந்தால் கன்று பிறந்த சில வாரத்திலேயே, இதை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஒரு கிடாவிலிருந்து வருஷத்துக்குப் பல ஆயிரம் உறைவிந்துக் குச்சி எடுக்கிறாங்க. கிடாவைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பலன் ஆயிரக்கணக்கான தொழுவத்துக்குப் போகுது.

அதனால்தான் சொல்றேன், நீங்க உங்க எருமைக்குத் தனியாக ஜீன் டெஸ்ட் எடுக்க அலைய வேண்டாம். டெஸ்ட் கிடாவுக்கு நடக்கட்டும். உங்க வேலை வேறு.

இன்னொன்றையும் சொல்லணும். முர்ராவில் கற்றுக்கொண்ட கணக்கு, நம்ம ஊர்க் கலப்பு எருமைக்கு அப்படியே பொருந்தாது. சென்னைத் தமிழைக் கேட்டுப் பழகின காதுக்கு நம்ம பேச்சு சட்டென்று பிடிபடாத மாதிரி. நம்ம வெயிலில், நம்ம தீவனத்தில், நம்ம எருமை எவ்வளவு கறந்தது என்ற கணக்கு அதில் சேரணும். இத்தாலியில் இருப்பதே சுமார் 4 லட்சம் எருமைதான், நம்ம மாநிலத்தில் 2019இல் இருந்ததைவிடக் குறைவு. ஆனால் அங்கே கறவைக் கணக்கும் வம்சாவளியும் ஒழுங்காக எழுதுகிறாங்க. அதை வைத்து மொசரெல்லா பாலாடைக்கட்டியை உலகம் பூராவும் விற்கிறாங்க.

ஒரு நோட்டின் கதை

மம்சாபுரம் பக்கம் ஒரு அம்மா. ரெண்டு எருமை. ஒன்று கன்று ஈன்றதும் மடி நிறைய ஒரு நாளைக்கு 8 லிட்டர் கறக்கும். பார்க்கிறவங்க எல்லாம் மெச்சுவாங்க. இன்னொன்று 5, 6 லிட்டர். "இந்த மூதேவிய வித்துட்டு, அது மாதிரி இன்னொன்னு வாங்கணும் சார்" என்று அடிக்கடி சொல்வாங்க. அப்படியே அந்த ரெண்டாவது எருமையோட கிடேரிக் கன்றை ஒரு தரகரிடம் விற்றும்விட்டாங்க. பொண்ணு படிப்புக்குப் பணம் தேவைப்பட்டது.

அந்தப் பொண்ணு கணக்குப் பாடத்தில் கெட்டி. சங்கத்தில் ஊற்றுகிற பாலை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தது. ஒரு நாள் அந்த நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தது. மாசவாரியாக, நாளுக்குச் சராசரி எத்தனை லிட்டர் என்று கணக்கு.

முதல் எருமை: 8, 8, 7, 5, 3, 2. ஆறாம் மாசத்தோடு பால் வற்றிருச்சு. மொத்தம் 990 லிட்டர்.

ரெண்டாவது எருமை: 5, 6, 6, 6, 5, 5, 5, 4, 4, 3. பத்து மாசம் விடாமல் கறந்தது. மொத்தம் 1,470 லிட்டர். கொழுப்பும் ஒரு புள்ளிக்கு மேல் கூடுதல்.

"அம்மா, மூதேவின்னு சொன்னீங்களே, அதுதான் சீதேவி" என்று பொண்ணு சொன்னப்போ அந்த அம்மா ஒன்றும் பேசல. கிடேரியை வாங்கின தரகரைத் தேடிப் போனாங்க. கன்று ரெண்டு சந்தை தாண்டிப் போயிருந்தது, கண்டுபிடிக்க முடியல. தாய் எருமைக்கும் அதற்குள் வயசாகிருச்சு. அதற்கப்புறம் ஈன்றது ரெண்டும் கிடாக்கன்று. அந்த வழி அந்த வீட்டில் அத்தோடு நின்றது.

இதில் எந்த ஜீன் டெஸ்ட்டும் தேவைப்படல. பத்து ரூபாய் நோட்டும் பேனாவும் போதும். அதே கணக்கு, அந்த எருமையோட காதுவில்லை எண்ணில் ஏறியிருந்தால், வீட்டுக்கு மட்டும் இல்லை, ஊருக்கே பயன்பட்டிருக்கும். உச்சத்தில் கறப்பதைப் பார்க்காதீங்க, ஈத்து முழுசும் கறப்பதைக் கூட்டிப் பாருங்க. ஒரு ஈத்துக்கும் அடுத்த ஈத்துக்கும் எத்தனை மாசம் என்பதையும் சேர்த்துப் பாருங்க.

தீனி செய்கிற வேலை

மரபணுவைப் பேசும்போது ஒரு ஏமாற்று நடக்கும். "நல்ல ரத்தம் இருந்தால் போதும்" என்று நினைத்துவிடுவோம். எருமைக்கு எருமை பாலில் இருக்கிற வித்தியாசத்தில், பிறவியால் வருவது ஏறக்குறைய கால் பங்கு. மீதி பெரும்பகுதி தீனி, தண்ணி, நிழல், நோய், கறக்கிற கை இவற்றால் வருவது.

எருமையோட தோல் கருப்பு, வியர்வைச் சுரப்பி குறைவு. சித்திரை வைகாசி வெயிலில் அதுக்கு உடம்பைக் குளிரவைக்க வழி தண்ணிதான். கண்மாய் வற்றினால் ரெண்டு வேளை பைப் தண்ணியாவது மேலே அடிக்கணும். வெறும் வைக்கோலும் பருத்திக்கொட்டையும் போதாது, பசுந்தீவனமும் தாது உப்புக் கலவையும் வேணும். நல்ல வம்சத்து எருமையைப் பட்டினி போட்டால் சாதாரண எருமையைவிடச் சீக்கிரம் உடம்பு இறங்கிரும்.

சினைப்பருவத்தையும் சொல்லணும். 21 நாளுக்கு ஒரு தடவை வரும். பசு மாதிரி கத்தி ஊரைக் கூட்டாது. அதிகமும் ராத்திரியில், விடியற்காலையில் தெரியும். வாலைத் தூக்குவது, அடிக்கடி சிறுநீர் விடுவது, பால் திடீரென்று குறைவது, கண்ணாடி மாதிரி வழும்பு தொங்குவது இவற்றைக் கவனிங்க. காலையில் பார்த்தால் சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் பார்த்தால் மறுநாள் காலை. எவ்வளவு உயர்ந்த கிடாவோட குச்சியாக இருந்தாலும் நேரம் தவறினால் வீண்.

கையில் இருக்கிற போனை வைத்து

சரி, வீட்டுக்குப் போய் என்ன செய்யணும்?

ஒன்று, காதுவில்லை. நம்ம ஊரில் தோடு என்கிறோம். மஞ்சள் பிளாஸ்டிக்கில் 12 இலக்க எண் இருக்கும். மனுஷனுக்கு ஆதார் மாதிரி எருமைக்கு அது. கழன்று விழுந்தால் சும்மா விடாதீங்க, கால்நடை மருந்தகத்தில் சொல்லிப் புதுசு போடுங்க. எருமையை விற்றாலும் வாங்கினாலும் உரிமையாளர் பேரை மாற்றச் சொல்லுங்க. தோட்டை ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கோங்க. "1962" என்ற பேரில் கால்நடை வளர்ப்போருக்கான செயலி இருக்கு, உங்க எருமைக்குப் பதிவான விவரத்தை அதில் பார்க்கலாம். தப்பு இருந்தால் உடனே சொல்லுங்க. நானே ஒரு தடவை பக்கத்துப் பக்கத்துத் தொழுவத்து ரெண்டு எருமையோட எண்ணை மாற்றிப் பதிந்துவிட்டேன். ஒரு வருஷம் கழித்து, கிடேரியோட தாய் யார் என்று பார்க்கும்போதுதான் தெரிந்தது. தப்பான பதிவு, பதிவே இல்லாததைவிட மோசம். ஏன்னா அதையும் சிப் நம்பும்.

ரெண்டு, உறைவிந்துக் குச்சி. சினை ஊசி போட வருகிறவர் திரவ நைட்ரஜன் கலனிலிருந்து எடுக்கிற அந்தச் சின்னக் குச்சியில் கிடாவோட எண், இனம், தயாரித்த இடம், தேதி எல்லாம் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். ஊசி போட்டதும் காலிக் குச்சியை வாங்கி, போன் கேமராவில் பெரிதாக்கி ஒரு போட்டோ எடுங்க. யாரும் தப்பாக நினைக்க மாட்டாங்க, கேட்பது உங்க உரிமை. ரெண்டு மூணு வருஷம் கழித்துப் பிறந்த கிடேரி பருவத்துக்கு வரும்போது அந்த போட்டோவை எடுத்துக் காட்டி, "இந்த நம்பர் வேண்டாம், வேற கிடா போடுங்க" என்று சொல்லுங்க. அப்பன் விந்தே மகளுக்குப் போகக் கூடாது. ஊர்க்கிடாவுக்கு விடுகிறவங்க இன்னும் கவனமாக இருக்கணும். வருஷக்கணக்கில் ஒரே கிடா ஊரில் திரிந்தால் கன்று எல்லாம் அதோட பிள்ளை, பேத்திதான். ராஜபாளையம் நாய்க்குச் சொன்னது எருமைக்கும் பொருந்தும்.

மூணு, மாசம் ஒரு நாள் பால் அளவை. தினமும் எழுத முடியாதவங்க, மாசத்தில் ஒரே தேதியைத் தேர்ந்தெடுங்க. அன்றைக்குக் காலை, சாயங்காலம் ரெண்டு கறவையையும் அளங்க. கன்று குடித்ததை உத்தேசமாகச் சேர்க்காதீங்க, தனியாகக் குறித்து வைங்க. சங்கத்தில் தருகிற கொழுப்பு, எஸ்.என்.எஃப். அளவையும் எழுதுங்க. எந்த மாசமும் அதே நாள், அதே பாத்திரம். உங்க பகுதியில் பால் பதிவுத் திட்டம் நடந்தால் அதில் சேர முடியுமா என்று கால்நடை மருந்தகத்தில் கேளுங்க. இல்லாவிட்டாலும் எழுதுங்க. அந்த நோட்டை வைத்து உங்க முடிவையாவது சரியாக எடுப்பீங்க.

நாலு, வாங்கும்போது. எருமை வாங்கும்போது, "ஜீன் டெஸ்ட் எடுத்தது" என்று ஒரு பேப்பரைக் காட்டி யாராவது கூடுதல் விலை சொன்னால், ஒன்றைக் கேளுங்க: "தாய் எத்தனை ஈத்து, ஈத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை மாசம்? தோடு எண் என்ன?" பதில் இல்லை என்றால் பேப்பருக்கு மதிப்பும் இல்லை. தொடர்ந்து மூணு வேளை நீங்களே நின்று கறந்து பார்த்து வாங்குங்க. ஒரு வேளை மடியைக் கட்டி வைத்துக் காட்டுவது சந்தையில் புதுசு இல்லை.

ஐந்து, எருமைக்கு உடம்பு சரியில்லை என்றால் தாமதிக்காமல் 1962 எண்ணுக்கு அழைங்க, நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். கூப்பிடும்போது தோடு எண்ணைச் சொன்னால், என்ன சிகிச்சை என்பதும் பதிவில் ஏறும். மடிநோய் எத்தனை தடவை வந்தது என்பதும் ஒரு கணக்குத்தான். அதிகம் கறந்தாலும் மடிநோயிலேயே கிடக்கிற வம்சம் நமக்கு வேண்டாமே.

கடைசியாக ஒன்று

தமிழ்நாட்டுக்கென்று பேர் பதிந்த எருமை இனம் நீலகிரியில் தோடா, ஈரோடு மலையில் பர்கூர். ரெண்டும் அந்தந்த மலை மக்கள் பேர் தெரிந்து, வம்சம் தெரிந்து வளர்த்ததால் நிலைத்தவை. தோடர்கள் தங்கள் எருமைகளுக்குப் பேர் வைத்து, தாய்வழியை நினைவில் வைத்து வளர்க்கிறாங்க. அவங்க கையில் சிப் இல்லை. நினைவு இருந்தது.

நம்ம கையில் இப்போ ரெண்டுமே இருக்கு. லேப்பில் சிப் இருக்கு, பாக்கெட்டில் போன் இருக்கு. நடுவில் இருக்க வேண்டிய கணக்கை மட்டும் யாரும் நமக்காக எழுதித் தர முடியாது. அது காலை நாலரை மணிக்கு உங்க தொழுவத்தில், உங்க கை படுகிற மடியில் தொடங்குது.

அந்த மம்சாபுரத்துப் பொண்ணு இப்போது கல்லூரிக்குப் போகுது. வீட்டில் இன்னும் நோட்டு எழுதுது. முதல் பக்கத்தில், விற்றுப்போன அந்தக் கிடேரியோட தோடு எண்ணை எழுதி வைத்திருக்கு. "எங்காவது யாராவது அந்த எண்ணுக்குப் பால் கணக்கு ஏத்தினா, எனக்குச் சொல்லுங்க சார்" என்று கேட்டிருக்கு. இதைப் படிக்கிறவங்க யாராவது ஒருத்தர் தொழுவத்தில் அந்த எருமை நிற்கலாம். உங்க எருமையோட தோடு எண்ணை இன்றைக்கு ராத்திரி ஒரு தடவை படித்துப் பாருங்க. அதில் என்ன பதிந்திருக்கு என்று பாருங்க. ஒன்றும் பதியவில்லை என்றால், நாளைக் காலைக் கறவையிலிருந்து தொடங்குங்க.